காரணம் எழுதிய சிவப்பு அட்டை

பயிற்சி மையத்திலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேரும் ஆட்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். பழைய பயிற்றுநர்கள் ஆளுக்கு நான்கு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "கொஞ்சம் ஊக்கம் குடுக்கிற மாதிரி எழுதுங்க சார்" என்று பேசிய பெண் சொன்னார்.

ஊக்கம் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தேன். என்னால் கீழே விழாமல் தப்பித்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் யார் என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. நான் கெடுத்த ஒருவனை மட்டும் நன்றாகத் தெரியும். அவனைப் பற்றி எழுதுகிறேன். போடுவதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம்.

என் தொழில் சாரம் கட்டுவது. சவுக்குக் கம்பும் கயிறும் கட்டிப் பழகி, பிறகு இரும்பு பைப்புக்கு மாறினேன். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக் கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பியபோது எனக்கு ஓய்வே இல்லை. கட்டிக்கொண்டிருந்தவனைச் சாரம் சோதிக்கும் ஆளாக ஆக்கினார்கள். படிப்பு பத்தாவதுதான். ஆனால் ஒரு பைப்பைக் கையால் தட்டினால், பைப்புகளை இணைக்கும் கிளாம்ப் எந்த இடத்தில் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

சோதிக்கும் முறையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது. சாரத்தின் அடியில், ஏணி தொடங்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை தொங்கும். பச்சை என்றால் ஏறலாம். சிவப்பு என்றால் யாரும் கால் வைக்கக் கூடாது. சிவப்பு அட்டையில் தேதி, கையெழுத்து, காரணம் என்று மூன்று கோடுகள் இருக்கும். மூன்றையும் நிரப்ப வேண்டும். காரணம் எழுதாத சிவப்பு அட்டை செல்லாது. ஏனென்றால் காரணம் இருந்தால்தான் அடுத்து வருகிறவன் எதைச் சரிசெய்வது என்று அறிவான். சரிசெய்த பிறகு, தகுதியுள்ள ஆள் மறுபடி சோதித்து, சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையை மாட்டுவான்.

ஒரு முறை கான்கிரீட் போடும் நாளில் சாரத்துக்குச் சிவப்பு மாட்டினேன். கலவை லாரிகள் வாசலில் வரிசையாக நின்றன. தளத்தின் பொறியாளர் ஓடிவந்து கத்தினார்.

"இன்னாய்யா நெனச்சிக்கினு கீற? லாரி நிக்குது, நீ அட்டை மாட்டிக்கினு கீற!"

"காரணம் எழுதியிருக்கேன் சார். படிங்க."

'மூன்றாம் மட்டம், கிழக்குப் பக்கம், இரண்டு கிளாம்ப் தளர்வு.' படித்தார். லாரிக்காரர்களிடம் காத்திருக்கச் சொல்லப் போனார். அதை நான் பத்து வருஷம் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமைதான் பின்னால் என்னை முட்டாளாக்கியது.

முட்டி தேய்ந்து இனி ஏணி ஏற முடியாது என்று ஆனதும் உங்கள் மையத்தில் பயிற்றுநராகச் சேர்ந்தேன். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், பெயிண்டர் என்று கட்டட வேலை பார்த்தவர்களைக் கூட்டிவந்து, தொழிற்சாலைக் கூரைகளில் சோலார் பேனல் மாட்டக் கற்றுக்கொடுக்கும் மையம். பசுமைத் திறன் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. கம்பி கட்டி முதுகு வளைந்தவனுக்கு இன்னொரு தொழில் கிடைப்பது நல்லதுதான்.

என் பங்கு உயர வேலை. மையத்தின் பின்பக்கம் இருபதடி உயரத்தில் ஒரு பயிற்சிக் கூரை போட்டிருந்தோம். சரிவான தகரக் கூரை. ஸ்க்ரூ வரிசை மேலேதான் நடக்க வேண்டும், கீழே சட்டம் இருப்பது அங்கேதான். நடுவில் வெளிச்சத்துக்காகப் போட்ட ஃபைபர் ஷீட்டில் மிதிக்கவே கூடாது, மிதித்தால் நேரே தரை. இரண்டு இரண்டு பேராக ஏற வேண்டும். ஏறுவதற்கு முன் ஒருவன் இடுப்பு பெல்ட்டை இன்னொருவன் இழுத்துப் பார்த்து, அதன் ஹூக்கைப் பாதுகாப்புக் கயிற்றில் பூட்டி, தோளில் தட்ட வேண்டும். தட்டு வாங்காமல் ஏணியில் கால் வைக்கக் கூடாது.

அந்த ஏணிக்குப் பக்கத்தில் நான் ஒரு பலகை அடித்தேன். ஆளுக்கு ஓர் ஆணி, மேலே பெயர். பச்சை அட்டை தொங்கினால் அன்றைக்கு ஏறலாம். காய்ச்சல், ரத்த அழுத்தம், குடித்த வாடை, பிய்ந்த ஷூ, எதுவானாலும் சிவப்பு. கீழே காரணம். யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்த யோசனை. பார்க்க வருகிற அதிகாரிகளெல்லாம் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மையத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். குரலை உயர்த்தவே மாட்டார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் அடியில் ஒரு ஸ்கேலை வைத்து, வரி வரியாக நகர்த்திப் படிப்பார். முடிக்கும்வரை எதிரே நிற்கிறவன் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க மாட்டார். ஒரு சின்ன மஞ்சள் சீட்டில் எழுதி அந்த வரியிலேயே ஒட்டித் திருப்பிக் கொடுப்பார். பதில் எழுதி அனுப்பினால்தான் அந்தத் தாளை விடுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். சாரத்தையே பார்க்காத பொம்பளைக்கு என்ன தெரியும் என்று டீக்கடையில் பேசியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பேசினேன்.

மனநல உதவியைக் கொண்டுவந்தது அவர்தான். கட்டட வேலைக்காரர்கள் நிறைய பேர் மனம் நொந்து கிடக்கிறார்கள், கேட்கக்கூட ஆள் இல்லை என்றார். மாதம் ஒரு முறை சென்னையிலிருந்து ஆலோசகர் ஒருவர் வருவார். ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று வந்தது. ஒவ்வொருவரும் தனியாக நிரப்ப வேண்டும் என்று மேலே அச்சடித்திருந்தது.

நான் தனியாக நிரப்ப விடவில்லை. பாதிப் பேருக்கு வேகமாகப் படிக்க வராது, நேரம் ஆகும். காலையில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, கேள்வியைச் சத்தமாகப் படித்தேன். அவர்கள் கூட்டாகப் பதில் சொன்னார்கள். நான் டிக் அடித்தேன்.

"எதுலயும் ஆர்வம் இல்லாம இருந்தீங்களா?"

"வேலைல ஆர்வம் கீது சார். கேண்டீன் சாம்பார்லதான் இல்ல." சொன்னவன் மணி. வாலாஜாபாத் பக்கத்துப் பெயிண்டர். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"வருது சார்!" பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரல்.

கடைசிக் கேள்வி, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதா என்பது. அதை நான் வேகமாகப் படித்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமலே 'இல்லை'யில் டிக் அடித்தேன். முப்பது தாளும் இருபது நிமிஷத்தில் முடிந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிளாம்ப் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். ஏழுமலை வந்து நின்றான். பெயரை மாற்றியிருக்கிறேன். கம்பி கட்டுகிறவன். நாற்பதை நெருங்கும் வயது. அந்த முப்பது பேரில் கை வேலை சுத்தமாக இருந்தது அவனுக்குத்தான். பேனல் சட்டத்தை ரசமட்டம் வைக்காமலே நேராக நிறுத்துவான்.

"சாப்ட்டியாப்பா?"

"ஆச்சு சார். காலைல கேள்வி படிச்சீங்களே. தூக்கம் வருதான்னு. அப்பறம் அந்தக் கடைசி கேள்வி."

"ஆமா."

"எல்லாரும் இல்லன்னாங்கோ, நானும் இல்லன்ட்டேன். பொய் சார்."

டிபன் பாக்ஸை மூடினேன். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கிளாம்ப்பைக் கையில் எடுத்துத் திருகிக்கொண்டே சொன்னான். அவனுக்கு ஜோடியாக ஒருவர் இருந்தாராம். கம்பி கட்டும்போது அவர் அந்தப் பக்கம், இவன் இந்தப் பக்கம். ஒன்பது வருஷப் பழக்கம். ஒரு நாள் பலகை புரண்டது.

"அவரு கத்தக்கூட இல்ல சார். நான் பாத்துக்கினே நின்னேன். கீழேந்து சத்தம்தான் வந்துச்சு. அந்தச் சத்தம் படுத்தா வருது. அதனால படுக்கறதே இல்ல. ஒக்காந்துக்கினே கீறேன்."

"மேல ஏறுறப்ப?"

கிளாம்ப்பைத் திருகுவதை நிறுத்தினான். "ஹூக்க அவுத்துட்டா இன்னான்னு தோணுது. சாவணும்னு இல்ல சார். ரெண்டு பொண்ணுங்க கீது. ஆனா கை அங்க போவுது. நேத்து ரெண்டு வாட்டி போச்சு."

"வூட்ல சொன்னியா?"

"யாராண்டயும் சொல்லல. உங்களாண்டதான் சொல்றேன்."

"சரி. நான் பாத்துக்குறேன்" என்றேன். அந்த வார்த்தையை நம்பி எழுந்து போனான். போகும்போது கையிலிருந்த கிளாம்ப்பைக் குவியலில் எறியாமல் மெதுவாக வைத்துவிட்டுப் போனான்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். மறுநாள் காலை அவன் வருவதற்கு முன்பே அவன் ஆணியில் இருந்த பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பை மாட்டினேன். தேதி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற கோட்டில், எனக்குக் கையெழுத்து நன்றாக வரும், தெளிவாக எழுதினேன்: 'மனநிலை சரியில்லை.'

அவனை மேலே ஏறவிடாமல் நிறுத்தியது தப்பில்லை. ஹூக்கில் கை போகிறது என்று சொல்கிறவனை யாரும் கூரையில் ஏற்றக் கூடாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் வேறு ஏதாவது எழுதியிருக்கலாம். முட்டி வலி என்று எழுதியிருக்கலாம். அட்டையே இல்லாமல், ஏழுமலை, நீ கொஞ்ச நாள் கீழே என்னோடு இரு என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அவன் என்னிடம் சொன்னது எனக்குக் கிளாம்ப் தளர்வு மாதிரிதான் கேட்டது. குறை தெரிந்துவிட்டது, காரணம் எழுதி மாட்டு. அவ்வளவுதான் என் புத்தி.

எட்டு மணிக்கு எல்லோரும் பலகை முன்னால் கூடினார்கள். மணிதான் முதலில் படித்தான்.

"இன்னா ஏழுமல, உன்ன லூசுன்னு எழுதி மாட்டிக்கினாங்களா?"

சிரிப்பு. இன்னொருவன், "சார், எனக்கும் மனநிலை சரியில்ல, வூட்ல சண்ட. என் அட்டயும் மாத்துங்க, நெழல்ல ஒக்காந்துக்கிறேன்" என்றான். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். எல்லாவற்றையும்விட அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. நானும் பல்லைக் காட்டினேன்.

ஏழுமலை அட்டையைப் படித்தான். என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "காரணத்த எழுதித்தான் ஆவணுமா சார்?" என்றான்.

"எழுதலன்னா செல்லாதுப்பா" என்றேன்.

அன்றிலிருந்து அவன் கீழே. கிளாம்ப்புகளை அளவு வாரியாகப் பிரிப்பான், ஸ்க்ரூ எண்ணுவான், கேபிளைச் சுற்றி வைப்பான். ஒரு வாரம் கழித்து நானே பார்த்த ஒன்று. மேலே ஏறப்போகும் ஜோடியில் ஒருவன் வரவில்லை. மணி தனியாக நின்றான். "ஏழுமலை, மணி பெல்ட்டைப் பாத்துவுடு" என்றேன். மணி ஓரடி பின்னால் போனான்.

"வேணாம் சார். நீங்க பாருங்க."

"ஏன்?"

"இல்ல சார். தப்பா எடுத்துக்காத ஏழுமல. உயிரு சமாச்சாரம்."

ஏழுமலை நீட்டின கையை மடக்கிக்கொண்டான். நான் மணியைத் திட்டியிருக்க வேண்டும். நானே போய் மணியின் ஹூக்கைப் பூட்டினேன். தோளில் தட்டினேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில்கூட அவன் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். முன்பு அவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து போனவன்தான்.

மேடத்துக்குத் தினமும் பலகையின் நகல் போகும். அட்டை மாட்டிய மூன்றாம் நாளே அது திரும்பி வந்திருந்தது. ஏழுமலை பெயருக்கு நேரே மஞ்சள் சீட்டு. 'இந்தச் சிவப்பை எடுக்கத் தகுதியுள்ள ஆள் யார்?'

சரியான கேள்வி. சாரம் சோதித்த காலமெல்லாம் நான் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுத மனம் வரவில்லை. ஆலோசகர் அந்த மாதம் வந்துவிட்டுப் போயிருந்தார், அடுத்து வர மூன்று வாரம் ஆகும். போன் செய்திருக்கலாம். நம்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. நான் சீட்டைக் கோப்பில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து இன்னொரு சீட்டு. 'முந்தைய கேள்விக்குப் பதில் இல்லை.' அதையும் வைத்தேன். மூன்றாவது சீட்டு வருவதற்குள் மேடத்துக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்றுதான் எழுத வேண்டும், வேறு சொல் போட்டால் பொய்.

பதினெட்டாம் நாள் ஏழுமலை ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் என் மேஜையில் வைத்தான். பெல்ட்டைச் சுத்தமாகத் துடைத்து மடித்திருந்தான்.

"நான் வரல சார் நாளைலேந்து."

"சர்டிபிகேட் கிடைக்காதே. கூரை மணிநேரம் பாக்கி இருக்கே உனக்கு."

"ஏத்தினாத்தானே சார் மணிநேரம் சேரும்."

போய்விட்டான். பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே, விலகியதற்குக் காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். அவன் அட்டையில் எழுதக் கூடாத உண்மையை எழுதினேன். பதிவேட்டில் எழுத வேண்டிய உண்மையை எழுதவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் அங்கே இருந்தேன். ஒரு பேட்சில்கூட ஒருவனும் ஒரு கேள்விக்கும் 'ஆமாம்' சொல்லவில்லை. அடுத்த பேட்ச் வருவதற்கு முன்பே விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. கேள்வி கேட்கும் அந்தக் கிழவன்தான் சிவப்பு மாட்டுகிறவன், எதைக் கேட்டாலும் நல்லா கீறேன்னு சொல்லு என்று. ஒரு விழாவில் பெரிய மனிதர் ஒருவர் அந்தத் தாள்களைக் காட்டி, இந்த மையத்தில் சேர்கிறவர்கள் எல்லோரும் மன நலத்தோடு இருக்கிறார்கள் என்று பேசி எனக்குச் சால்வை போர்த்தினார். போர்த்திக்கொண்டு நின்றேன். எல்லாமே பொய் என்று அந்த மேடையில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் படப்பையில் தெரிந்தவர் வீட்டு மனையைப் பார்க்கப் போனேன். பக்கத்து மனையில் இரண்டு மாடி வீடு பூச்சு வேலையில் இருந்தது. சவுக்குக் கம்புச் சாரம். பழக்கதோஷம், நின்று அண்ணாந்து பார்த்தேன். மேல் பலகையில் ஏழுமலை. பெல்ட் இல்லை. ஹெல்மெட் இல்லை. தலையில் துண்டு மட்டும்.

கூப்பிடப் பயமாக இருந்தது. திடுக்கிட்டுக் கால் பிசகினால்? அவன் தானாகப் பார்க்கும்வரை மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். பார்த்தான். இறங்கி வந்தான்.

"இன்னா சார், இங்க?"

"பெல்ட் இல்லாம நிக்கிறியேப்பா."

"இங்க யாரு சார் பெல்ட் குடுக்கிறா? இங்க கேள்வியும் கேக்க மாட்டாங்கோ." சிரித்தான். குத்தலாகச் சொன்னானா என்று தெரியவில்லை.

சாலையோரக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அதெல்லாம் ஒழுங்காக வராது. "அன்னிக்கு நான் அப்டி எழுதியிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்து, எங்கேயோ போய், பலகையைப் பற்றியும் விதிமுறையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். அவன் குறுக்கிட்டான்.

"அத வுடுங்க சார். அந்த அட்டய அப்பறம் இன்னா பண்ணீங்க?"

"கோப்புல வெச்சேன்."

"பச்ச மாட்டலயா?"

"நீ போயிட்டியே."

"அப்ப நான் இன்னும் செவப்புதான்" என்றான். டீயை ஊதிக் குடித்தான்.

முப்பத்து நான்கு வருஷத்தில் நான் அட்டை மாட்டிய எந்தச் சாரமும் எடுக்காத சிவப்போடு அத்தனை வருஷம் நின்றதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். கூட்டிப் போனேன் என்பது பெரிய வார்த்தை. பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன், வருவானா என்று தெரியாது, வந்தான். சீட்டு வாங்கும் இடத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டபோது அவன் திரும்பி என்னைப் பார்த்தான். என் வாயைப் பார்த்தான் என்று சொல்வதுதான் சரி. நான் குனிந்து, உள்ளே இருந்த பெண்ணுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். மருத்துவர் அவனிடம் அரை மணி நேரம் பேசினார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். மாத்திரை கொடுத்தார்கள். மாதா மாதம் போனான். நான்காம் மாதம், "படுத்துத் தூங்கறேன் சார். சத்தம் வருது, ஆனா தூரத்துல வருது" என்றான். மேலே நிற்கும்போது பிடியை விட்டுவிடத் தோன்றுவதும் நின்றுவிட்டது; நீ உயரத்திலேயே வேலை பார்க்கலாம் என்று மருத்துவரே வாயால் சொன்னார். இவ்வளவுக்கும் ஐந்து வருஷத்துக்கு முன்பே தேவைப்பட்டது என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஒரு நம்பர்தான்.

பிறகு அவனே கேட்டான். "மறுபடி கோர்ஸ்ல சேத்துப்பாங்களா சார்?" சோலார் வேலையில் பெல்ட் இருக்கிறது, கூரையில் கம்பிக் கயிறு இருக்கிறது, பூச்சு வேலையைவிட உயிருக்கு உத்தரவாதம் என்றான். சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். விண்ணப்பம் வாங்கி வந்தோம். மையத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினோம். பெயர், வயது, முன் அனுபவம் எல்லாம் நான் எழுதினேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

ஒன்பது கேள்வி பத்தாகியிருக்கிறது. பத்தாவது: மனநலத்துக்காக மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களா? அதற்குக் கீழே: உயர வேலைப் பயிற்றுநரிடம் ஒப்படைக்கவும்.

இப்போது ஆலோசகர் வாரா வாரம் வருகிறார், தனி அறை இருக்கிறது, கதவு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நல்லது. ஆனால் அந்தத் தாள் இன்னும் ஏணிக்குப் பக்கத்தில் நிற்கிறவன் கைக்குத்தான் போகிறது. பலகையும் அங்கேயேதான் இருக்கிறது. போன வாரம் கம்பி வேலி வழியாகப் பார்த்தேன். நான் அடித்த ஆணிகள்தான்.

ஏழுமலை பேனாவைக் கையில் வாங்கினான். எழுதவில்லை.

"இதுக்கு இன்னா சார் போடணும்?"

வைத்தியம் பார்த்துக்கொண்டவன் அவன். மாத்திரை தவறாதவன். அந்த மையத்துக்குள் இருக்கும் எவனையும்விட அவன் தலை தெளிவாக இருக்கிறது. ஆமாம் என்று போட்டால் சிவப்பு. கூரையில் நிற்பவன் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஆயிரம் பேருக்குப் பாடம் எடுத்தவன் நான்.

"இல்லன்னு போடு" என்றேன்.

"அதான் சார் நானும் நெனச்சேன்" என்றான். நிம்மதியாகச் சிரித்தான். டிக் அடித்துவிட்டுச் சாலையைக் கடந்தான். கேட்டில் காவலாளியிடம் தாளைக் காட்டினான். உள்ளே போனான்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று பிறகு அவனிடம் கேட்டேன். எழுதுங்க, நான் சர்டிபிகேட் வாங்கி வெளியே வந்த பிறகு குடுங்க என்றான். அதனால்தான் இந்தத் தாள்கள் உங்களுக்குத் தாமதமாக வருகின்றன. அவன் யார் என்று தேடாதீர்கள். அந்தத் தாள் யார் கைக்குப் போகிறது என்பதை மாற்றுங்கள். பலகையைக் கழற்றுங்கள். நான் வந்தே கழற்றித் தருகிறேன், ஆணி பிடுங்கும் சுத்தியல் என்னிடம் இருக்கிறது.

இதை எழுதி முடிக்கும் இன்று திங்கட்கிழமை. அவனுக்கு முதல் நாள் கூரை. நேரம் காலை பத்து. இப்போது யாரோ ஒருவன் அவன் பெல்ட்டை இழுத்துப் பார்த்து, தோளில் தட்டியிருப்பான். அவன் நன்றாக இருக்கிறான், விழ மாட்டான், எனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு மறுபடி அந்தச் சத்தம் பக்கத்தில் வந்தால், அதை அங்கே யாரிடமும் சொல்ல மாட்டான். சொல்லாமல் இருக்க இரண்டு முறை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.